1992-இன் பாட்டுத் தொகுப்புகளில் எதை முதலில் வைப்பது?

கேட்கப்பட்டது இதுதான்: 1992-ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்த் திரையிசைத் தொகுப்புகளில் ஒரு ரசிகர் தம் விருப்பப் பட்டியலில் எவற்றையெல்லாம் வைப்பார், அவற்றுள் முதலிடம் எதற்கு? கேட்டவர் சேலத்தில் கல்லூரியில் படிப்பவர். அவருடைய அப்பா 'ரோஜா' என்கிறாராம், தாய்மாமா 'தேவர் மகன்' என்கிறாராம், இருவரும் இன்றுவரை விட்டுக்கொடுப்பதாக இல்லையாம். இதை ரகுமானா இளையராஜாவா என்ற பழைய வழக்காக எடுத்துக்கொண்டால் நான் பதில் எழுத வேண்டியதே இல்லை. இரண்டு கட்சிக்கும் வேண்டிய வாதங்கள் எந்த டீக்கடையிலும் கிடைக்கும். ஆனால் கேள்வியின் கடைசியில், "ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு எனக்கு உயிர், ஆனால் முழுத் தொகுப்பாக எது என்று சொல்லத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். நல்ல பாட்டு இருக்கும் தொகுப்பும் நல்ல தொகுப்பும் ஒன்றுதானா, ஒன்றில்லை என்றால் இரண்டாவதை எப்படி அடையாளம் காண்பது என்பதே அந்தக் கேள்வி.

நான் யார் என்பதையும் எனக்கு எதைப் பற்றிப் பேசத் தகுதி இல்லை என்பதையும் முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் பழைய பேருந்து நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில், கேசட் பதிவுசெய்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். ரெக்கார்டிங் சென்டர் என்று பலகை மாட்டிய அந்தக் காலத்துக் கடைகளில் ஒன்று. எனக்கு முறையான சங்கீதப் பயிற்சி கிடையாது. ராகங்களைக் காதால் தெரியும், இலக்கணத்தால் தெரியாது. ஆகவே இந்தப் பாட்டு இன்ன ராகத்தில் இன்ன சஞ்சாரம் என்ற வகையில் நான் எதையும் நிறுவ முயலப்போவதில்லை. நான் பார்த்தது, எந்தப் பாட்டை எந்த மனிதர் எப்படிக் கேட்டு வாங்கினார், அதை எதில் போட்டுக் கேட்டார் என்பது மட்டும். அதுவும் ஓர் ஊரின் ஒரு தெருவிலிருந்து பார்த்தது. எங்கள் கடையில் அதிகம் ஓடியது தமிழ்நாடு முழுவதும் ஓடியது என்று ஆகிவிடாது.

இப்போது பாட்டுக் கேட்பவர்களுக்கு அன்றைய கேசட்டின் கட்டுப்பாடுகளைச் சொன்னால்தான் அளவுகோல் விளங்கும். அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு முப்பது நிமிடம், தொண்ணூறு நிமிட நாடாவில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து. நிறுவனங்கள் விற்ற கேசட்டுகளிலேயே ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம் என்று சேர்த்து விற்பது சாதாரணம். எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுகளின் பெயரை எழுதிக்கொண்டு வருவார்கள். பத்துப் படத்திலிருந்து பன்னிரண்டு பாட்டு இருக்கும். "படம் முழுசாப் போட்டுக் கொடுங்கண்ணா" என்று கேட்டவர்கள் குறைவு, அப்படிக் கேட்கப்பட்ட படங்களும் குறைவு. இன்னொன்றும் உண்டு. கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்டிப் போவது இலவசமில்லை. வேகமாகச் சுற்றினால் பேட்டரி தீரும், நாடா சிக்கும், எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. அதனால் பிடிக்காத பாட்டையும் மனிதர்கள் உட்கார்ந்து கேட்டார்கள், சில பாட்டுகள் அப்படிக் கேட்டுக் கேட்டே பிடித்துப்போயின. ஒரு தொகுப்பை முழுதாக மதிப்பிடும் பழக்கம் நமக்கு வந்ததற்கு ரசனையைவிட இந்தச் சோம்பல்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். எப்படி வந்தாலும் அளவுகோல் நல்லது: தாண்டிப்போகத் தோன்றாமல் ஒரு பக்கத்தை முழுதாகக் கேட்க வைக்கிறதா, ஒரு பாட்டை எடுத்துவிட்டால் மற்றவை ஏதாவது இழக்கின்றனவா?

அந்த ஆண்டில் உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் வைக்கிறேன். பொங்கலுக்கு 'மன்னன்', 'சின்னக் கவுண்டர்', ஜூனில் 'அண்ணாமலை', ஆகஸ்டு 15 அன்று 'ரோஜா', அக்டோபர் 25 தீபாவளிக்குத் 'தேவர் மகன்', 'செந்தமிழ்ப் பாட்டு'. இடையில் 'சிங்காரவேலன்', 'நாடோடித் தென்றல்', 'செம்பருத்தி', 'வானமே எல்லை'. ஆண்டு முடியும்போது 'மீரா'. இவற்றில் பெரும்பாலானவை இளையராஜாவுடையவை. 'செந்தமிழ்ப் பாட்டு' அவரும் எம்.எஸ். விஸ்வநாதனும் சேர்ந்து செய்தது. ஆனால் கே. பாலசந்தரின் பட நிறுவனமான கவிதாலயா அந்த ஓராண்டில் தந்த படங்களைப் பாருங்கள். 'அண்ணாமலை'க்குத் தேவா, 'வானமே எல்லை'க்கு மரகதமணி, 'ரோஜா'வுக்கு அதுவரை படம் எதற்கும் இசையமைக்காத ஏ.ஆர். ரகுமான். மூன்று படம், மூன்று இசையமைப்பாளர்கள், ஒருவரும் இளையராஜா இல்லை. பாலசந்தரும் இளையராஜாவும் கடைசியாகச் சேர்ந்தது 1989-இல் வந்த 'புதுப்புது அர்த்தங்கள்'. 'ரோஜா'வை இயக்கிய மணிரத்னமோ முதல் படத்திலிருந்து 1991 தீபாவளியின் 'தளபதி' வரை இளையராஜாவைத் தவிர வேறொருவரிடம் போனதில்லை. ஆகவே 'ரோஜா' வானத்திலிருந்து குதித்தது என்று சொல்லும் கதையை நான் அப்படியே ஏற்பதில்லை. கதவு ஏற்கெனவே திறந்திருந்தது; யார் உள்ளே வருவார் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

'ரோஜா' வந்தபோது என் கடையில் நடந்த ஒரு விஷயம் இசையைவிட இயந்திரத்தைப் பற்றியது, ஆனால் இசையைப் பற்றியும் நிறையச் சொல்கிறது. ஒரு கேசட் டெக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவுசெய்யும்போது ஒலியளவு காட்டும் முள் ஒன்று ஆடும். வழக்கமாக ஒரு படத்துக்கு ஒருமுறை அளவு வைத்துவிட்டால் கடைசிப் பாட்டு வரை கை வைக்க வேண்டியதில்லை. இந்தப் படத்துக்கு அது நடக்கவில்லை. கீழ்ச்சுருதித் தாளம் விழும் ஒவ்வொரு முறையும் முள் சிவப்புக்குப் போய், நாடாவில் ஒலி பிசிறடித்தது. அளவைக் குறைத்தால் குரல் தூரமாகிப்போனது. பாட்டுக்குப் பாட்டு, சில இடங்களில் பாட்டின் நடுவிலேயே, கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. காரணம் எளிமையானது. பிரசாத் ஸ்டுடியோவில் வாத்தியக்காரர்கள் கூடி அமர்ந்து, இளையராஜா எழுதிக்கொடுத்த ஸ்வரக்குறிப்பைப் பார்த்து வாசிக்கும் இசையில் எல்லா ஒலியும் ஒரே அறையின் காற்றைப் பங்குபோட்டுக்கொள்ளும். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு அமைத்திருந்த பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தில் விசைப்பலகையும் கணினியும் கொண்டு ஒலியை அடுக்கடுக்காகச் சேர்த்தார். அடியில் ஆழமான தாளம், மேலே குரல், நடுவில் வேண்டுமென்றே விடப்பட்ட வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் புதுமை என்பேன். தாளத்தைப் பலரும் புதுமை என்றார்கள்.

தொகுப்பாக அதை ஏன் மேலே வைக்கிறேன் என்றால், பாட்டுகள் ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபட்டிருந்தும் ஒரே வீட்டில் பிறந்தவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடிகிறது. எல்லாப் பாட்டும் வைரமுத்து எழுதியவை. மின்மினியின் 'சின்னச் சின்ன ஆசை', உன்னி மேனனும் சுஜாதாவும் பாடிய 'புது வெள்ளை மழை', எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் 'காதல் ரோஜாவே', கூட்டக்குரலோடு வரும் 'ருக்குமணி', ஹரிஹரன் தமிழுக்கு வந்த 'தமிழா தமிழா'. வயல்வெளியில் தொடங்கிப் பனிக்குப் போய், பிரிவில் நிற்கிறது. 'தமிழா தமிழா' எனக்கு அவ்வளவாகப் பிடித்த பாட்டு அன்று. எழுத்தில் மேடைப்பேச்சு வாடை கொஞ்சம் தூக்கல். ஆனாலும் அதை எடுத்துவிட்டால் 'காதல் ரோஜாவே'யின் தனிமை ஊர் உலகத்தோடு தொடர்பற்ற காதலன் புலம்பலாகச் சுருங்கிவிடும். பிடிக்காத பாட்டும் தேவைப்படுகிறது என்றால், நான் மேலே சொன்ன அளவுகோலில் அது தேறிவிட்டது என்றுதான் பொருள். பேருந்துகளில் இந்தத் தொகுப்பு அவ்வளவாக எடுபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாமக்கல், ஈரோடு போகும் தனியார் பேருந்துகளின் ஓட்டுநர்கள் எங்களுக்கு நல்ல வாடிக்கையாளர்கள். ஜன்னலுக்கு மேலே வரிசையாக மாட்டிய சின்ன ஸ்பீக்கர்களில் என்ஜின் சத்தத்தை மீறிக் கேட்பது குரலும் வயலினும் புல்லாங்குழலும்தான். கீழ்ச்சுருதி அங்கே காணாமல் போய்விடும். அவர்கள் கேட்டது இளையராஜா. 'ரோஜா' வீட்டுக்குள், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து கேட்கப்பட்டது. ஒரே ஊரில் ஒரே மாதத்தில் இரண்டு விதமான செவிகள் இருந்தன. உங்கள் அப்பாவும் மாமாவும் எதில் கேட்டார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

'தேவர் மகன்' வேறு வகை. அந்த ஆண்டின் தனிப்பாட்டு ஒன்றைத்தான் தேர வேண்டும் என்றால் நான் யோசிக்காமல் 'இஞ்சி இடுப்பழகா'வைச் சொல்வேன். கூச்சத்தோடு, பாட வராது என்று தயங்கி, பிறகு தன்னை மறந்து பாடிவிடும் ஒரு புதுமணப் பெண்ணின் குரலாகவே எஸ். ஜானகி மாறியிருக்கிறார். அதற்குத் தேசிய விருது கிடைத்தது வியப்பில்லை. 'மாசறு பொன்னே வருக'வில், சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் புகழ்ந்த சொற்களை எடுத்து வாலி அம்மனுக்குச் சூட்டியிருக்கிறார். ஸ்வர்ணலதாவின் குரல் அதில் விளக்குச்சுடர் போல அசையாமல் நிற்கிறது. 'வானம் தொட்டுப் போனா'வின் ஒப்பாரியும் குறைவில்லை. ஆனால் இவை ஒவ்வொன்றும் காட்சியிலிருந்து வலு வாங்குகின்றன. படம் பார்க்காத ஒருவரிடம் கேசட்டை மட்டும் கொடுத்தால், ஒரே மெட்டு வெவ்வேறு குரலில் திரும்பத் திரும்ப வருவதன் நியாயம் அவருக்குப் புரியாது. இசை படத்துக்குள் செய்யும் வேலை மகத்தானது. அதனாலேயே படத்துக்கு வெளியே தொகுப்பு கொஞ்சம் தளர்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. படத்துக்கு இசையமைப்பவரின் முதல் கடமை படம்தான். இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 'போற்றிப் பாடடி பெண்ணே' படத்துக்கு வெளியே சாதிப் பெருமைக் கூட்டங்களின் ஒலிபெருக்கிப் பாட்டாகவும் ஆனது. படம் வன்முறையை விட்டொழிக்கச் சொல்கிறது, பாட்டு வேறு வேலைக்குப் போய்விட்டது. அது இசையின் தரத்தைக் குறைக்காது என்பவர்கள் உண்டு, அந்தப் பாட்டு கேட்டாலே உடம்பு சுருங்கும் மக்களும் நம் ஊரில் உண்டு. பட்டியல் போடும் ரசிகர் இரண்டையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாரும் பேசாத மூன்றாவது பெயரை நான் இரண்டாமிடத்தில் வைக்கிறேன்: 'நாடோடித் தென்றல்'. பாரதிராஜாவின் படம், வெள்ளைக்காரர் காலத்துக் கதை. இசை மட்டுமல்லாமல் பாட்டு வரிகளும் இளையராஜாவே எழுதியவை. எங்கள் கடையில் இது அதிகம் கேட்கப்பட்டதில்லை, ஆனால் கேட்டவர்கள் சீட்டு எழுதிவந்து கேட்கவில்லை, முழுப்படமாகத்தான் கேட்டார்கள். மனோவும் ஜானகியும் பாடிய 'மணியே மணிக்குயிலே', 'யாரும் விளையாடும் தோட்டம்', 'ஒரு கணம் ஒரு யுகமாக' என்று வரிசையாக வருபவற்றில் எந்த இடத்திலும் வேகம் தடுமாறுவதில்லை. மெட்டும் சொல்லும் ஒரே கையிலிருந்து வந்ததால் சொல் மெட்டுக்காக நீட்டப்படவும் இல்லை, மெட்டு சொல்லுக்காக ஒடிக்கப்படவும் இல்லை. கவிதை என்ற வகையில் வைரமுத்துவோ வாலியோ எழுதிய அளவுக்கு வரிகள் தனியே எடுத்துச் சொல்லத்தக்கவையா என்றால், இல்லை. பாடும்போது மட்டும் வாழும் வரிகள். ஆனால் தொகுப்பு கேட்கப்படுவதற்கே ஒழிய வாசிக்கப்படுவதற்கு இல்லையே. இளையராஜாவின் பக்கம் நிற்கும் உங்கள் மாமா 'தேவர் மகனை' விட்டு இதைப் பிடித்துக்கொண்டால் அப்பாவுக்குப் பதில் சொல்வது கடினமாகிவிடும்.

இனி, எனக்கு உறுதியில்லாதவை, வாதத்தில் அதிகம் பயன்படுபவை. தேசிய விருதுக் குழுவில் இரண்டு இசையமைப்பாளர்களுக்கும் வாக்குகள் சமமாக விழுந்து, தலைவராக இருந்த பாலு மகேந்திராவின் வாக்கால் ரகுமானுக்கு விருது போனது என்று சொல்லப்படுகிறது. விருது ரகுமானுக்கும் 'சின்னச் சின்ன ஆசை'க்காக வைரமுத்துவுக்கும் கிடைத்தது உறுதி. வாக்குக் கதை முழுதும் உண்மையாகவே இருந்தாலும், ஒரு குழு இரண்டாகப் பிளந்தது என்பதற்குத்தான் அது சான்றாகும், எது சிறந்தது என்பதற்கு ஆகாது. விற்பனையும் அப்படித்தான். என்னைப் போன்ற கடைகள் படியெடுத்துக் கொடுத்தவை எந்தக் கணக்கிலும் வராதபோது, இத்தனை லட்சம் கேசட் விற்றது என்று யாராவது எண் சொன்னால் நான் தலையாட்டமாட்டேன். 'ரோஜா'வோடு இளையராஜாவின் காலம் முடிந்தது என்பதும் அதே வகைப் பேச்சு. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் எங்கள் கடைக்கு வந்த சீட்டுகளில் அவர் பெயர் குறையவில்லை. கல்லூரிப் பிள்ளைகளின் சீட்டுகளில் மட்டும் ரகுமான் பெயர் மேலே ஏறியது.

அப்பாவின் கேசட்டுகள் ஏற்காட்டில் பழைய வீட்டில் பெட்டியில் கிடப்பதாகவும், போட்டுக் கேட்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உடனே போடாதீர்கள். சேர்வராயன் மலையின் மழைக்காலத்து ஈரம் நாடாவில் வெள்ளைப் பூஞ்சையை ஏற்றிவிடும். எஸ்டேட்டுகளிலிருந்து எங்களிடம் வந்த கேசட்டுகளில் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியே நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் படர்ந்திருந்தால் அந்த நாடா, டெக்கில் ஒலியைப் படிக்கும் தலையையும் உருளையையும் கெடுத்து, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சையைக் கொண்டுபோகும். சேலத்துக்குக் கொண்டுவந்து சில நாள் காற்றோட்டமான நிழலில் வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். பிறகு, கெட்டால் பரவாயில்லை என்ற டெக் ஒன்றில் மெதுவாக முன்னும் பின்னும் ஓடவிட்டு, தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு முறையும் துடையுங்கள். இத்தனை பாடு எதற்கு, போனிலேயே எல்லாம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் அங்கே பாட்டுகள் பழைய கேசட்டின் வரிசையில் இருக்கும் என்று சொல்ல முடியாது; தமிழ், இந்திப் பதிப்புகள் கலந்தும் கிடக்கும். தொகுப்பை மதிப்பிட வேண்டுமென்றால் வரிசை முக்கியம். போனிலேயே கேட்பதானாலும் அதன் சின்ன ஸ்பீக்கரில் 'ரோஜா'வைக் கேட்காதீர்கள். பேருந்தில் நேர்ந்ததேதான் அங்கும் நேரும்.

ஆக என் வரிசையில் 'ரோஜா', 'நாடோடித் தென்றல்', 'தேவர் மகன்' என்ற மூன்றுக்குப் பிறகு நான்காவதாகச் 'சின்னக் கவுண்டர்' வரும். அதில் கொங்குப் பகுதிக்காரனின் பாசம் கலந்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை. இயக்குநர் ஆர்.வி. உதயகுமாரே எழுதிய 'முத்துமணி மாலை'யை எஸ்.பி. பாலசுப்ரமணியமும் பி. சுசீலாவும் பாடியிருக்கிறார்கள், அதன் பிறகு எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோக்களில் அது இல்லாததை நான் பார்த்த நினைவில்லை. 'சிங்காரவேலன்' பாதி நாடாவுக்கு அற்புதம். ஜானகியின் 'தூது செல்வதாரடி'க்கும் மீதிப் பாட்டுகளுக்கும் நடுவே ஒட்டவில்லை. 'அண்ணாமலை' திரையரங்குக்கான இசை, அதை அங்கேயே விட்டுவிடலாம். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு எங்கள் கடையில் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள்தான். அவற்றுக்கு ஆண்டு கிடையாது என்பதால் எந்த ஆண்டுப் பட்டியலிலும் வராமல் போகின்றன. ஐந்தாமிடத்துக்கு 'மீரா'வையும் 'செந்தமிழ்ப் பாட்டை'யும் வைத்துக்கொண்டு எனக்கு முடிவு வரவில்லை. பி.சி. ஸ்ரீராம் முதன்முதலாக இயக்கிய 'மீரா'வில் ஆஷா போஸ்லேயைத் தமிழில் பாடவைத்த 'ஓ பட்டர்ஃப்ளை' இருக்கிறது. மற்றதில் விஸ்வநாதனின் கை எது, ராஜாவின் கை எது என்று பிரித்துக் கேட்கும் சுகம் இருக்கிறது. இரண்டையும் முழுதாகக் கேட்டுவிட்டு நீங்கள் எதை வைப்பீர்கள் என்று எழுதுங்கள்.